ஜி.ஆர்.சி. முகப்பு: சேலத்து வெயிலில், ஏற்காட்டு மூடுபனியில் எப்படி உழைக்கிறது?

கட்டட முகப்பில் ஏழெட்டு வருஷம் வெயிலும் மழையும் தின்ற ஜி.ஆர்.சி. (கண்ணாடி இழை கலந்த கான்கிரீட்) பலகையைக் கழற்றிப் பார்த்தால் பலகை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருந்த போல்ட்தான் துருவேறிப் போயிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, காசை மிச்சம் பிடிக்க ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட் மாட்டுவதை என்னவென்று சொல்ல! குறைந்தது 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வேண்டும். ஏற்காட்டு ஈரத்துக்கு 316 போட்டால் மனசுக்கு நிம்மதி.

கண்ணாடி இழை கலந்த கான்கிரீட்டின் பெரிய லாபம் எடைதான். உள்ளே கம்பி கிடையாது. கம்பியை மூட வேண்டிய கனமும் தேவையில்லை. 10 முதல் 15 மி.மீ. போதும். 12 மி.மீ. பலகை சதுர அடிக்கு இரண்டே கால் கிலோ வரும். அதே இடத்தில் 50 மி.மீ. கம்பி கான்கிரீட் பலகை 11 கிலோவைத் தாண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. எஃப்.ஆர்.பி. (இழை கலந்த பிளாஸ்டிக்) போல வெயிலில் வெளிறாது, தீயும் பிடிக்காது.

ஆனால் இழை எது என்று கேட்காமல் வாங்கக்கூடாது. சிமெண்டின் காரம் சாதாரண 'ஈ' கண்ணாடி இழையை மெல்ல மெல்ல அரித்துவிடும். இந்தச் சிக்கலுக்கு வழி கண்டது இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த மஜும்தார். சிர்கோனியா சேர்த்த கண்ணாடி காரத்தைத் தாங்கும் என்பது அவர் ஆய்வில் தெளிவானது. 1971 முதல் பில்கிங்டன் என்ற கண்ணாடி நிறுவனம் அதை 'செம்ஃபில்' என்ற பெயரில் விற்றது. இன்றும் கேட்க வேண்டியது அதுதான்: ஏ.ஆர். (காரத்தைத் தாங்கும்) இழையா, சிர்கோனியா 16 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? சாதாரண இழை போட்ட பலகையும் முதல் வருஷம் நன்றாகத்தான் நிற்கும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

ஒரு மூட்டை சிமெண்டுக்கு 50 கிலோ சலித்த சிலிக்கா மணல், பாதி திடப்பொருள் உள்ள அக்ரிலிக் பாலிமர் 5 கிலோ, தண்ணீர் பதினாலரை லிட்டர், கலவையை இளக்க அரைக் கிலோ பிளாஸ்டிசைசர். அச்சில் ஊற்றும் வேலைக்கு 12 மி.மீ. இழை, மொத்த எடையில் 3 சதவீதம். இந்தக் கலவைக்கு மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இழையைக் கடைசியில் போட்டு, மெதுவான வேகத்தில் ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் சுற்றினால் இழை பிரிந்து பஞ்சு உருண்டையாகும். அந்த இடம் பிறகு ஓட்டையாக நிற்கும். பெரிய பலகைகளுக்கு ஸ்ப்ரே முறைதான் சரி: இழை 5 சதவீதம் வரை ஏறும், ஒவ்வொரு அடுக்கையும் உருளையால் அமுக்க வேண்டும். பலகையின் வெளிமுகத்துக்கு அடிக்கும் இழையில்லாத பூச்சு 3 மி.மீ.யைத் தாண்டினால் சிலந்தி வலை மாதிரி மயிரிழை விரிசல் வரும்.

பாலிமர் சேர்த்தால் ஏழு நாள் தண்ணீர் விட வேண்டாம் என்பது உண்மைதான். அதற்காக வார்த்ததும் அப்படியே விட்டுவிடுவதா? சித்திரை வெயிலில் பாலிதீன் தாள் போட்டு ஒரு ராத்திரியாவது மூடி வைக்க வேண்டும். மார்கழியில் ஏற்காட்டில் வார்ப்பதும் புத்திசாலித்தனமல்ல; குளிரில் பாலிமர் சரியாகப் படலம் கட்டாது. கீழே வார்த்து மேலே கொண்டுபோங்கள்.

மேலே இன்னொரு தொல்லை உண்டு. ஜி.ஆர்.சி. நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். மீட்டருக்கு ஒரு மி.மீ. வரை எதிர்பார்க்கலாம். காலையில் மூடுபனி, மதியம் வெயில் என்றால் இந்த விரிவும் சுருக்கமும் ஓயாது. நான்கு மூலையிலும் போல்ட்டை இறுக்கி, இடைவெளியில் சிமெண்ட் அடைத்த பலகை மூலையிலிருந்து வெடிக்கும். பலகையின் எடையைக் கீழ்ப் பிடிமானம் சுமக்கட்டும், ஒரு போல்ட் மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். மற்றவை நீள்துளையில் வாஷரோடு நகர வேண்டும். பலகைக்குப் பலகை 10 மி.மீ. இடைவெளி விட்டுச் சீலன்ட் போட வேண்டும்.

விற்கிறவர்கள் சொல்லாத குறை ஒன்று: வருஷம் போகப் போக, குறிப்பாக ஈரத்தில், சிமெண்டிலிருந்து வரும் சுண்ணாம்புப் படிகம் இழைகளுக்கு நடுவே படிந்து, வளைந்து கொடுக்கும் தன்மை குறையும். அதனால்தான் 28 நாள் உச்ச பலத்தை வைத்து வடிவமைப்பதில்லை. முதல் விரிசல் விழும் பலத்தையே கணக்கில் எடுப்பார்கள். மெட்டாகயோலின் (சுட்ட வெள்ளைக் களிமண் தூள்) சேர்த்தால் இந்தச் சரிவு குறையும். சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாக மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலைப் போட்டாலும் ஓரளவு பலன் உண்டு. பாரம் தாங்கும் உறுப்பாக மட்டும் இதை எண்ணவே கூடாது. சென்னை ஐ.ஐ.டி. வீடு கட்டிக் காட்டிய ஜி.எஃப்.ஆர்.ஜி. பலகை வேறு; அது ஜிப்சம். பெயர் ஒன்று போல இருப்பதால் கடைக்காரரே குழப்புவதுண்டு.

பராமரிப்பு பெரிதாக இல்லை. ஏற்காட்டில் வெயில் படாத பக்கம் பாசி பிடிக்கும். மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். ஆசிட் ஊற்றினால் மேல்பூச்சு கரைந்து இழை வெளியே முள்ளாகத் தெரியும். சுத்தம் செய்து நன்றாகக் காய்ந்த பிறகு சிலேன் வகை நீர்விலக்கி அடித்து, சொட்டுத் தண்ணீர் உருண்டு ஓடாமல் உறிஞ்ச ஆரம்பித்ததும் திரும்ப அடிக்கலாம். ஏ.சி. ஸ்டாண்டையோ பூந்தொட்டிக் கொக்கியையோ மாட்ட வேண்டுமென்றால் பலகையிலேயே பிடிக்காமல், அதைத் துளைத்துப் பின்னால் இருக்கும் சுவர் வரை போல்ட்டைக் கொண்டுபோங்கள். துளையைப் பலகையில் மட்டும் பெரிதாக விடுங்கள்.