வெள்ளவத்தை – யாழ்ப்பாணம் இரவு பஸ்: தலை எண்ணுகிற கண்டக்டருக்கு முழு மார்க்

இந்த வருசம் மூன்று தரம் ஒரே பஸ்ஸில் போய் வந்தாயிற்று, அதனால் எழுதுகிறேன். கம்பனிப் பெயர் போடவில்லை. கண்டக்டர் மாறினால் பஸ்ஸே மாறிவிடும், இந்த ரூட்டில் போய் வருகிறவர்களுக்கு அது தெரியும்.

காலி வீதியில் இரவு எட்டரைக்கு என்றார்கள், பார்சல் எல்லாம் ஏற்றி முடிய ஒன்பதே கால். ஏசி அளவுக்கு மேலேயே குளிர்ந்தது. யன்னல் சீட்டில் இருந்த எனக்குத் தோளில் தண்ணி சொட்ட, கண்டக்டர் பழைய பேப்பர் ஒன்றை மடித்து இடுக்கில் செருகிவிட்டுப் போனார், அது சிலாபம் வரைக்கும் தாங்கியது. படத்தின் சத்தமும் கூடத்தான். சரி, இதெல்லாம் எல்லா பஸ்ஸிலும் உள்ளது.

நான் பார்ப்பது வேறு. புத்தளம் தாண்டித் தேத்தண்ணிக்கு நிறுத்தினால், திரும்ப எடுக்கும்போது ஆட்களை எண்ணுகிறார்களா?

2011இல் எனக்கு ஒன்பது வயது. கொழும்புக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை, லீவுக்கு ஊருக்குப் போகிறோம். யாழ்ப்பாணத்துக்கு ரயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது, ஆகவே பஸ்தான். அம்மா தம்பியோடு முன்னால், நான் பெரியம்மாவோடு பின்னால். வில்பத்துக் காட்டை ஒட்டிப் போகிற அந்த ரோட்டில் ஒரு கடையில் நிறுத்தினார்கள், பெரியம்மா நல்ல தூக்கம், நான் தனியே இறங்கிக் கடைக்குப் பின்னால் கக்கூசுக்குப் போய்விட்டு வந்தால் பஸ் இல்லை. நான் அம்மாவிடம் போய்விட்டேன் என்று பெரியம்மாவும், பின்னால் தூங்குகிறேன் என்று அம்மாவும் நினைத்தார்களாம்.

தூரத்தில் இரண்டு சிவப்பு லைற் மட்டும் தெரிந்தது. ரோட்டில் இறங்கி ஓடினேன், ஒரு செருப்பு கழன்றுவிட்டது. கடை முதலாளி பின்னால் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துச் சிங்களத்தில் என்னவோ கத்தினார். விளங்கியது ஒரே ஒரு சொல், 'அலியா'. யானை. அதோடு என் அழுகையும் நின்றுவிட்டது. அவர் தந்த பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கப் பற்றையையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு மரமும் காதை ஆட்டியது. டியூப்லைற்றில் மோதிய பூச்சி ஒன்று கோப்பைக்குள் விழுந்து சுழன்றுகொண்டிருந்தது.

நல்லவேளையாக அந்த ரோட்டில் இரவு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், சாரதிகளிடம் ஒருவருக்கொருவரின் நம்பரும் இருக்கும். முதலாளி அடுத்த பஸ்ஸை மறித்தார், அந்தச் சாரதி போன் போட்டுச் சொல்லிவிட்டு என்னை இன்ஜின் மூடிமேல் உட்கார வைத்தார், சூடு துணியைத் தாண்டி ஏறியது. நொச்சியாகமவில் எங்கள் பஸ் நின்றிருந்தது. அம்மா அடித்தாரா அணைத்தாரா என்று ஞாபகமில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். எண்ணாமல் பஸ்ஸை எடுத்த கண்டக்டர் எனக்குத்தான் ஏசினார்!

இப்போதைய பஸ்ஸுக்கு வருகிறேன். முதல் இரண்டு பயணத்திலும் இருந்த ஐயா ஐம்பது வயதுக்காரர், டோர்ச்சோடு கடைசிச் சீட் வரைக்கும் போய் விரலை மடக்கி மடக்கி எண்ணினார். "ஒராள் குறையுது" என்று இறங்கிப் போய், கடைக்குப் பின்னால் போன் கதைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துதான் கதவைச் சாத்தினார். மூன்றாம் தரம் ஒரு பொடியன். முன்னால் நின்றபடி "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டான், அவ்வளவுதான். ஏறாத ஆள் எப்படியப்பா பதில் சொல்லும்?

ஐயா வருகிற நாளென்றால் ஐந்துக்கு ஐந்து, பொடியன் என்றால் இரண்டரை. போனில் சீட் பதியும்போதே யார் வருகிறார் என்று கேளுங்கள், சொல்வார்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்காக நிறுத்துகிறார்கள், கச்சான் வாங்கலாம். சீட் இடது பக்கம் எடுங்கள், வலது பக்கமென்றால் எதிரே வருகிற லொறிகளின் வெளிச்சம் விடிய விடியக் கண்ணில் அடிக்கும்.