கிரெடிட் டிரான்ஸ்ஃபர் (இங்க படிச்ச பாடங்களை வெளிநாட்டு டிகிரியில சேர்த்துக்கிறது) பண்ணித் தர்றோம்னு சொல்ற கன்சல்டன்சிகிட்ட பணம் கட்டாதீங்க. எங்க 1,40,000 ரூபாய் போச்சு

கடலூர், பாண்டிச்சேரி பக்கம் பிள்ளைங்களை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப நினைக்கிறவங்க தயவுசெஞ்சு படிங்க. நேத்துதான் தங்கச்சி விண்ணப்பிச்ச அமெரிக்க யுனிவர்சிட்டியிலேர்ந்து பதில் வந்துச்சு. ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல.

தங்கச்சி பி.ஏ. வரலாறு, ரெண்டு வருஷம் முடிச்சிருக்கா. காலேஜ் டூர்ல கொச்சி மட்டாஞ்சேரி போய், 1568-ல கட்டின பரதேசி யூத ஜெபாலயத்தைப் பார்த்ததுலேர்ந்து யூதவியல்தான் (யூதங்களோட மதம், மொழி, வரலாறு பத்தின படிப்பு) படிப்பேன்னு நிக்கிறா. எபிரேய எழுத்தெல்லாம் தானாவே உட்கார்ந்து கத்துக்கிட்டா. அமெரிக்காவுல அந்தப் படிப்புக்குச் சேரலாம், இங்க படிச்ச பாடங்களோட கிரெடிட்டையும், அதாவது பாட மதிப்புப் புள்ளியையும், கணக்குல எடுத்துப்பாங்கன்னு கேள்விப்பட்டு, பாண்டியில ஒரு வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சிக்குப் போனோம்.

"மஞ்சக்குப்பமா? என் மாமியார் வீடே அங்கதாண்ணே"ன்னு ஆரம்பிச்சார் அந்த ஆள். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாத காபி வரவழைச்சார். கால்குலேட்டரைத் தட்டி எங்க பக்கம் திருப்பினார். "டிகிரிக்கு 120 கிரெடிட். பாப்பா படிச்சதுல 60 கழிஞ்சிடும். ரெண்டே வருஷம். கேரண்டி." அந்த ஒரு வார்த்தையில அப்பா விழுந்துட்டார். அம்மாவோட ஆரத்தை அடகு வச்சு 1,40,000 ரூபாய் கட்டினோம். ரசீதுல 'சேவைக் கட்டணம்'னு மட்டும்தான் இருக்கு. எதுக்கான சேவைன்னு ஒரு வரி கிடையாது.

காலேஜ்ல சீல் வச்சுக் கொடுத்த டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பாடத்தோட மார்க் விவரம்) கவரை எங்க கண்ணு முன்னாடியே கிழிச்சு ஸ்கேன் போட்டார். "பிரிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே சார்"னு தங்கச்சி கேட்டா. "நாங்க எத்தனை பேரை அனுப்பியிருக்கோம், நீ பேசாம இரும்மா"ன்னு வாயடைச்சுட்டார்.

யுனிவர்சிட்டி என்ன எழுதியிருக்கு தெரியுமா? கன்சல்டன்சி வழியா நீங்க அனுப்பின மதிப்பீட்டுச் சான்று, நேசஸ் (NACES, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடுற அமெரிக்க நிறுவனங்களோட கூட்டமைப்பு) உறுப்பு நிறுவனம் கொடுத்தது இல்ல, ஏத்துக்க முடியாது. டிரான்ஸ்கிரிப்ட் காலேஜ்லேர்ந்து நேரா வரணும். அதெல்லாம் சரியா வந்தாலும், இந்திய வரலாற்றுப் பாடங்கள்ல பெரும்பாலானது விருப்பப் பாடக் கணக்குலதான் சேரும். எபிரேய மொழி, பைபிள், ரபிகளோட (யூத மத அறிஞர்கள்) நூல்கள் இதெல்லாம் அங்கதான் படிச்சாகணும். எந்த வகுப்பு எபிரேயம்னு அவங்க டெஸ்ட் வச்சு முடிவு பண்ணுவாங்க. அப்ப 60 எங்கேர்ந்து வந்துச்சு?

போன் போட்டா "சார் மீட்டிங்ல இருக்கார்". வாட்ஸ்அப்ல நீல டிக் விழுது, பதில் இல்ல. நேர்ல போனா ரிசப்ஷன் பொண்ணு, "அடுத்த அட்மிஷன் சீசன்ல பார்த்துக்கலாம் சார், ரீஃபண்ட் எங்க பாலிசியில இல்ல"ங்குது. அந்த ஆள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். அப்பா எழுந்து கும்பிட்டார். அந்த ஆள் தலை நிமிரல. 1,40,000 ரூபாய்! ஆரத்துக்கு மாசாமாசம் வட்டி ஓடிட்டிருக்கு.

என்னென்ன பண்ணணும்னு விவரமா எழுத நினைச்சேன், இப்ப முடியல. கிரெடிட்டை ஏத்துக்கிறதும் தள்ளுறதும் யுனிவர்சிட்டி மட்டும்தான், கன்சல்டன்சி இல்ல. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அட்மிஷன் ஆபீசுக்கு நீங்களே மெயில் போடுங்க. ஒவ்வொரு பாடத்தோட சிலபஸையும் காலேஜ்ல வாங்கி வைங்க. சீல் கவரை யாரையும் பிரிக்க விடாதீங்க. கேரண்டின்னு சொன்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க.

1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிவு பண்ணப் போறேன். இதே மாதிரி பாண்டியில யாராவது ஏமாந்திருந்தா ரசீதை எடுத்துட்டு எனக்கு மெசேஜ் போடுங்க, சேர்ந்தே போவோம்.