பூச்சிமருந்துப் பெட்டி: பூட்டு சரி, சாவி?

சிதம்பரம் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில சொல்லிச் செஞ்சது. ரெண்டடி அகலம், கனமான தகடு, பச்சை பெயின்ட், சுவத்தோட சேர்த்து போல்ட் போட்டுக்கலாம். ஐப்பசி மழையில தாழ்ப்பாள் துரு ஏறிடுச்சு, அடிக்கடி எண்ணெய் விடணும். மத்தபடி உறுதி. சின்னப் பசங்க, ஆடு மாடு இருக்குற வீட்டுக்குக் கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்.

ஆனா பட்டறைக்காரர் “தற்கொலையவும் தடுக்கும் சார்”னு சொல்லித்தான் வித்தார். அத நம்பி வாங்காதீங்க. இலங்கையில அநுராதபுரத்துப் பக்கம் 180 கிராமத்த எடுத்து, பாதி கிராமங்கள்ல வீட்டுக்கு வீடு இதே மாதிரி பெட்டி குடுத்துப் பாத்தாங்க. 2017ல முடிவு வந்துச்சு: பெட்டி உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் வித்தியாசமே இல்ல. அந்த நாட்டுல தற்கொலை பெரிய அளவுல குறைஞ்சதுக்குக் காரணம், 1995லேருந்து கொடிய மருந்துகளையே படிப்படியா தடை பண்ணதுதான்.

காரணம் எங்க வீட்டுலயே தெரியுது. சாவி காலண்டர் ஆணியில தொங்குது, எல்லாருக்கும் தெரியும். சரின்னு எடுத்து என் அரைஞாண்ல கட்டிக்கிட்டா? அங்கதான் இடிக்குது. 2022 தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குல இந்தியாவுல தற்கொலை செஞ்சுக்கிட்டவங்க 1,70,924 பேர். தமிழ்நாட்டுல மட்டும் 19,834, மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம். பத்துல ஏழு பேர் ஆம்பளைங்க. மூணுல ரெண்டு பேர் 18லேருந்து 45 வயசுக்குள்ள. கால்வாசிக்கு மேல தினக்கூலிங்க. முதல் காரணம் குடும்பப் பிரச்சினை. பொம்பளையையும் பசங்களையும் காப்பாத்தத்தான் பூட்டுன்னு நாம நெனைக்கிறோம். கணக்கப் பாத்தா ஆபத்து அதிகம் சாவி வெச்சிருக்கிற ஆளுக்குத்தான். இதச் சொன்னா டீக்கடையில எவனும் வாயத் திறக்க மாட்டேங்கிறான்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் சென்னை ‘சிநேகா’ங்கற தற்கொலைத் தடுப்பு அமைப்பு செஞ்சுபாத்தது எனக்குப் புடிச்சிருக்கு: வீட்டுக்கு வெளிய ஊருக்குப் பொதுவா ஒரு இடம், குடும்பத்துக்குக் குடும்பம் பூட்டுப் பெட்டி, பாத்துக்க ஆள். ராத்திரி சண்டை போட்டாலும் அங்க போய் எடுக்குறதுக்குள்ள கோவம் ஆறும், வழியில யாராவது “எங்கப்பா இந்நேரத்துல?”ன்னு கேப்பாங்க.

அஞ்சுக்கு மூணு மார்க். வாங்குனா வீட்டுல வைக்காம மோட்டார் கொட்டாயில மாட்டுங்க, சாவிய அண்ணன் தம்பி வீட்டுல குடுத்து வைங்க. ஒரு தெளிப்புக்கு வேணுங்கறத மட்டும் வாங்குனா பெட்டியே வேணாம். மூடிக்கு உள்பக்கம் அரசாங்கத்தோட ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416னு பெயின்ட்ல எழுதச் சொன்னேன், அதுக்குப் பட்டறைக்காரர் காசு வாங்கல. அந்த நம்பர்ல ராத்திரி பகல் எப்பவும் தமிழ்ல பேசலாம், கட்டணம் கிடையாது.