கோலமாவா ஸ்டிக்கரா, பித்தளையா தேக்கா: ஒரு ஃபிளாட் வாசலின் கணக்கு

மன்னார்குடிப் பக்கம் நான் வளர்ந்த வீட்டில், வாசல் தெருவிலேயே தொடங்கிவிடும். சாணம் தெளித்த மண், கோலம், இரண்டு படி, இரு பக்கமும் திண்ணை, அதற்கப்புறம்தான் நிலைப்படி. இப்போது சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட். கதவு கொஞ்சம் உள்வாங்கியிருப்பதால், காரிடாரை அடைக்காமல் எனக்கென்று நாலடிக்கு மூன்றடி இடம் கிடைக்கிறது. எதிரேயும் பக்கத்திலும் அதே கதவு, அதே டைல்ஸ். இதற்குள் இது இன்னார் வீடு என்று தெரிய வேண்டும், வருகிறவர்களுக்கும் தயக்கம் போக வேண்டும்.

ஆறு வருஷமாக ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துவிட்டேன். தினமும் நம் கை படுகிற பொருள் ஒன்று வாசலில் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஒன்று போதும். மற்றதெல்லாம் ஒரு தடவை செய்துவிட்டால் பல வருஷம் நிற்கிறதாக இருக்கட்டும். எதையுமே தொட வேண்டாம் என்று அமைத்த வாசலில் சீக்கிரமே தூசி படிந்து, பூட்டிக் கிடக்கிற வீட்டின் களை வந்துவிடுகிறது.

என் வாசலில் அந்த ஒன்று கோலம். இதில்தான் போட்டியும் அதிகம். கோலப்பொடி, அரிசி மாவை அரைத்துப் போடுகிற ஈரக்கோலம், பெயின்ட், ஸ்டிக்கர் என்று நாலு வழி இருக்கிறது.

கடையில் கிடைக்கும் கோலப்பொடி பெரும்பாலும் கல்மாவு. விலை குறைவு, இழை பளிச்சென்று விழும். ஆனால் வழவழப்பான டைல்ஸில் அது நிற்காது. காரிடார் காற்றுக்குப் பக்கத்து வீட்டு மிதியடி வரை போய்விடும், காலில் ஒட்டி வீட்டுக்குள்ளும் வரும். எறும்புக்கும் அதனால் பயன் இல்லை. ஈரக்கோலத்துக்குப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மைய அரைத்து, தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்துக்கொள்ள வேண்டும். சின்னத் துணியை அதில் நனைத்து விரல்களுக்குள் அடக்கிக்கொண்டு, மோதிர விரல் வழியாக வடியவிட வேண்டும். போடும்போது கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, தண்ணீர் தடம் மாதிரிதான் இருக்கும். அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் ஓரத்திலிருந்து ஒவ்வொரு இழையாக வெளுத்துக்கொண்டு வரும். சுற்றிக் காவியும் பூசிவிட்டால் அன்றைக்கு வேறு அலங்காரமே வேண்டாம்.

அதுவும் டைல்ஸில் காய்ந்ததும் செதில் செதிலாக உரிந்தது. அதற்கு ஒரு கடப்பா கல்தான் வழியாக அமைந்தது. இரண்டடிக்கு இரண்டடி, பாலிஷ் போடாத பக்கம் மேலே. இருபது கிலோவுக்குக் குறையாது என்பதால் நகராது, கீழே ரப்பர் ஷீட் விரித்துவிட்டால் தரையும் கீறாது. கதவின் கீல் பக்கமாகப் போட்டிருப்பதால் யாருக்கும் கால் தடுக்குவதில்லை. கறுப்புக் கல்லில் வெள்ளை இழை எடுப்பாகத் தெரிகிறது, பொடியும் நிற்கிறது, மாவும் நிற்கிறது. வார நாட்களில் பொடி, வெள்ளிக்கிழமையும் பண்டிகையும் என்றால் மாவு.

ஸ்டிக்கர் எனக்குப் பிடிக்காததற்கு அழகு காரணம் இல்லை, சில டிசைன்கள் நன்றாகவே இருக்கின்றன. ஓரம் கிளம்பியதும் பசையில் அழுக்கு ஏறிக் கறுப்புக் கோடாக நின்றுவிடுகிறது, சுரண்டினாலும் தடம் போவதில்லை. அதைவிட, தினமும் அதே கோலம். நாலு புள்ளியும் ஒரு வளைவு விதியும் இருந்தால் எத்தனையோ சிக்குக்கோலம் வளர்க்கலாம். 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை ஒரு மொழியாக எடுத்துக்கொண்டு, அதற்கு இலக்கணம் வகுக்கும் கணித ஆய்வுகளைச் செய்தார்கள். அப்படிப் பெருகக்கூடிய ஒன்றை ஒரே படமாக ஒட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. முட்டி வலியால் குனிய முடியாதவர்களுக்கு மட்டும் பெயின்ட் கோலத்தைத் தாராளமாகச் சொல்வேன். நல்ல எனாமல் பெயின்டில் தெரிந்த ஒருவர் கையால் போட்டது என்றால் ஸ்டிக்கரைவிடப் பல மடங்கு மேல், அதில் போட்டவரின் கை தெரியும்.

தோரணத்தில் நான் யோசிப்பதே இல்லை. பச்சை மாவிலை, அதுவும் விசேஷ நாளில் மட்டும். மூன்றாம் நாள் ஓரம் சுருண்டு, அப்புறம் பழுப்பாகிவிடும். காய்ந்ததை அடுத்த பண்டிகை வரை விட்டுவைப்பது நம் ஊர்ப் பழக்கம்தான், அதில் குறை எதுவும் இல்லை. பிளாஸ்டிக் மாவிலை வெயில் படும் வாசலில் வெளுத்து நீலம் பாய்ந்துவிடுகிறது. எப்போதும் ஏதாவது தொங்க வேண்டும் என்பவர்கள் துணித் தோரணம் வாங்கலாம், துவைத்துப் போடலாம்.

பேர்ப்பலகைக்கு வருவோம். பித்தளை கம்பீரம்தான். புளி போட்டுத் தேய்த்த அன்றைக்கு அதற்கு ஈடு கிடையாது. ஆனால் கடலோர ஊரில் உப்புக்காற்று அதைச் சீக்கிரம் கறுக்க வைக்கும், எழுத்தின் உள்மூலையில் பச்சை பிடிக்கும், தேய்த்த புளி அங்கேயே காய்ந்து நிற்கும். அதை ஊசியால் எடுக்கப் பொறுமை வேண்டும். அப்படித் தேய்ப்பதையே தினசரிக் கைவேலையாக வைத்துக்கொள்கிறவர்களுக்கு அது பொருத்தம். எனக்குக் கோலம் இருப்பதால் தேக்கை எடுத்தேன். குடைந்த எழுத்து, வருஷத்துக்கு ஒரு தடவை ஆளி விதை எண்ணெய், அவ்வளவுதான். விளக்கெரியும் அக்ரிலிக் பலகைகள் இரவில் எடுப்பாக இருந்தாலும் கிளினிக் வாசலை நினைவூட்டுகின்றன. எதில் செய்தாலும் என்ன எழுதுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். எங்கள் பழைய வீட்டுப் பலகையில் அப்பா பெயரும் பட்டமும் மட்டுமே இருந்தன. அந்த வாசலில் அத்தனை வருஷம் கோலம் போட்ட அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. இப்போது என் கதவில் அம்மாவின் பெயர்தான் முதல் வரி.

உருளியில் பூ மிதக்கவிடுவதா, செடியா? உருளிக்குத் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். டெங்குக் கொசுவின் முட்டை பொரித்துக் கொசுவாகிப் பறந்து போக ஒரு வாரம், பத்து நாள் போதும். துளசிக்கு நல்ல வெயில் வேண்டும், காரிடாரில் வைத்தால் வாடித்தான் போகும். நிழலைத் தாங்கும் ஸ்னேக் பிளான்ட் ஒன்று போதும், மாதத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

கடைசிப் போட்டி, மூடிய செருப்பு அலமாரிக்கும் பெஞ்சுக்கும். அலமாரி எல்லாவற்றையும் மறைத்து வாசலைத் துப்புரவாகக் காட்டும். ஆனால் மழைக்காலத்தில் ஈரச் செருப்பை உள்ளே வைத்து மூடினால் பூஞ்சை பிடிக்கும், கதவைத் திறக்கும்போதெல்லாம் வாடை வரும். கதவுக்கு உள்பக்கம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மர பெஞ்சு போட்டு, அதன் அடியில் கம்பித் தட்டு வைத்தேன். செருப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன, உண்மைதான். ஆனால் போன தீபாவளிக்கு வந்த பெரியம்மா, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று செருப்பு வாரை அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. நிதானமாக உட்கார்ந்தார், அவிழ்த்தார், "இது நம்மாத்துத் திண்ணை மாதிரின்னா இருக்கு" என்றார். உடனே எழுந்திருக்கவும் இல்லை. காப்பியை அங்கேயே கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

பெஞ்சுக்கு மேலே இருந்த 6500 கெல்வின் வெள்ளை பல்பை அன்றைக்கே கழற்றி 2700-க்கு மாற்றினேன். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் தேக்கின் ரேகையும் பெரியம்மாவின் முகமும் நன்றாகத் தெரிந்தன.