நிக்கான் டி40: 1/500 நொடி ஃபிளாஷுக்காகவே வாங்கலாம்

பழைய டிஎஸ்எல்ஆர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மெகாபிக்சலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 2006 நவம்பரில் வந்த நிக்கான் டி40 பக்கம் கண்ணே போகாது. 6.1 மெகாபிக்சல் சிசிடி சென்சார், 2.5 அங்குலத் திரை, மூன்றே மூன்று ஃபோகஸ் புள்ளிகள். வீடியோ கிடையாது, லைவ் வியூ (பின்திரையில் பார்த்தபடி படம் எடுப்பது) கிடையாது, சென்சாரைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதியும் கிடையாது. பேட்டரி இல்லாமல் 475 கிராம் எடை என்பதால் கைக்கு அடக்கமாக இருக்கும். ஆனால் இதை வாங்கச் சொல்வதற்கு எடை காரணமல்ல. ஃபிளாஷ் சிங்க், அதாவது ஃபிளாஷோடு சேர்த்து வைக்கக்கூடிய மிக வேகமான ஷட்டர் நேரம், 1/500 நொடி. அதுதான் காரணம்.

பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் இது 1/200 அல்லது 1/250 நொடியோடு நின்றுவிடும். அதைவிட வேகமாகப் போனால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரு கீற்று இடைவெளியோடு நகரும். ஃபிளாஷ் மின்னும் கணத்தில் அந்தக் கீற்று அளவுக்குத்தான் வெளிச்சம் விழும், மீதிப் படம் இருண்டுவிடும். டி40-இல் வேகமான நேரங்களுக்குத் திரை முழுதாகத் திறந்தே இருக்கிறது. நேரத்தைக் கணக்கிட்டு வெட்டுவது சிசிடி. அதனால்தான் 1/500 சாத்தியமாகிறது.

நல்ல வெயிலில் இது என்ன தருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 200-இல் உச்சி வெயிலுக்கு 1/500 நொடியும் எஃப்/10 அப்பர்ச்சரும் (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) சரியாக இருக்கும். கேமராவிலேயே உள்ள ஃபிளாஷின் வழிகாட்டி எண் (அதன் சக்தியைச் சொல்வது; எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் வரும்) ஐஎஸ்ஓ 200-க்கு 17 மீட்டர். 17-ஐ 10-ஆல் வகுத்தால் 1.7 மீட்டர் தூரம்வரை முகத்தில் முழு வெளிச்சம் விழும். நிழலை லேசாக நிரப்பினால் போதும் என்று ஃபிளாஷ் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறைத்துக்கொண்டால் 2.4 மீட்டர்வரை எட்டும். அடுத்த ஆண்டே வந்த டி40எக்ஸில் 10 மெகாபிக்சல் இருக்கிறது; சிங்க் 1/200 ஆகிவிட்டது. அதை அடிப்படை ஐஎஸ்ஓ 100-இல் வைத்தால் எஃப்/11-க்குப் போக வேண்டும், எட்டும் தூரம் சுமார் 1.1 மீட்டர்தான். வெயிலில் தொப்பி போட்டவர்களைப் படம் எடுக்கிறவர்களுக்கு இந்த அரை மீட்டர் பெரிய விஷயம். இந்தக் காரணத்துக்காக டி40-தான் மேல். எக்ஸ் என்ற ஒரு எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இதற்கும் மேலே போக ஒரு வழி உண்டு. அடியில் நடு மின்முனை மட்டும் உள்ள பழைய மேனுவல் ஃபிளாஷை ஷூவில் (கேமரா தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்) மாட்டினால், ஃபிளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது, 1/500 என்ற வரம்பும் போய்விடும். நிக்கான் ஃபிளாஷையே மாட்டினாலும் நடு முனையைத் தவிர மற்றவற்றை மெல்லிய டேப்பால் மூடினால் இதே பலன் கிடைக்கும். கேமராவை எம் (மேனுவல்) மோடில் வைத்து 1/1000, 1/2000 என்று ஏற்றலாம். ஆனால் ஃபிளாஷ் முழுச் சக்தியில் மின்னும்போது அதன் ஒளி ஏறத்தாழ 1/1000 நொடி நீடிக்கும். ஷட்டர் அதற்கு முன்பே மூடினால் ஒளியில் ஒரு பகுதி வீண். ஃபிளாஷை கால் பங்குச் சக்திக்கோ அதற்கும் கீழேயோ வைத்தால் ஒளி சுருக்கமாக முடிந்துவிடும், இழப்பு குறையும். ரேடியோ டிரிக்கர் மாட்டினால் சமிக்ஞை போய்ச் சேரும் தாமதம் குறுக்கே வரும். கம்பி வழியாக இணைப்பதே நல்லது. பழைய ஃபிளாஷ் எதுவானாலும் மாட்டுவதற்கு முன் முனைகளில் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள். இந்த ஷூவுக்கு 250 வோல்ட் உச்ச வரம்பு.

நிக்கானின் டி70, டி50 கேமராக்கள் இரண்டிலும் இதே 1/500 உண்டு, உள்ளே ஃபோகஸ் மோட்டாரும் உண்டு. ஆனால் டி50 எஸ்டிஎச்சி (2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி வகை) கார்டை ஏற்காது, 2 ஜிபி கார்டைத் தேடி அலைய வேண்டும். டி70-இல் கார்டு விளக்கு மினுக்கியபடியே கேமரா முடங்கிப்போகும் பழுது பேர்போனது. டி40-க்கு 8 அல்லது 16 ஜிபி எஸ்டிஎச்சி கார்டு போதும். 64 ஜிபி கார்டு இதற்கான தரத்தைச் சேர்ந்ததல்ல, வாங்காதீர்கள்.

லென்ஸ் விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டி40-க்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸில் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருந்தால் தானாக ஃபோகஸ் ஆகும். வெறும் ஏஎஃப் என்று இருந்தால் (50 மிமீ எஃப்/1.8டி மாதிரி) கையால் வளையத்தைத் திருப்பி, வியூஃபைண்டரில் கீழே எரியும் புள்ளியைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டியதுதான். ஏஎஃப்-பி லென்ஸ் தானாகவும் ஃபோகஸ் ஆகாது, கையாலும் ஆகாது, ஏனென்றால் அதன் வளையமே மின்சாரத்தில் இயங்குவது. பெயரில் எஃப் எண்ணுக்குப் பின்னால் ஈ என்று வரும் புதிய லென்ஸ்களில் அப்பர்ச்சரை டி40-ஆல் மூட முடியாது, எப்போதும் முழுதாகத் திறந்தே படம் எடுக்கும். மற்ற நிறுவனங்களின் லென்ஸ் என்றால் உள்ளே மோட்டார் உள்ள பதிப்பா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு லென்ஸ் என்றால் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மிமீ எஃப்/1.8ஜி. மிகப் பழைய, நிக்கானின் ஏஐ வகைக்கு முந்தைய லென்ஸ்களும் இதன் வாயில் (லென்ஸ் மாட்டும் இடம்) சேதமில்லாமல் பொருந்தும். அவற்றோடு வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மட்டும் வேலை செய்யாது.

வாங்கும்போது லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஓரத்தில் ஒரு சின்ன உலோக நெம்புகோல் தெரியும். விரல் நுனியால் அதைத் தள்ளினால் அப்பர்ச்சர் இதழ்கள் திறக்கும்; விட்டதும் சட்டென்று மூட வேண்டும். மெல்ல ஊர்ந்து மூடினால் இதழ்களில் எண்ணெய் ஏறியிருக்கிறது, படங்கள் வெளுத்துப் போகும். நெம்புகோலைத் திறந்து பிடித்தபடியே மறுபக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நூல்போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். தூசு நாலைந்து இருப்பதால் ஒன்றும் ஆகாது. 18-55 கிட் லென்ஸ் என்றால் 18, 24, 35, 55 என்று நிறுத்தி நிறுத்தி ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுங்கள். ஜூம் செய்யும்போதெல்லாம் உள்ளே தட்டையான கேபிள் மடிந்து விரிகிறது. தேய்ந்துபோனால் ஏதோ ஓர் இடத்தில் மட்டும் ஃபோகஸ் நின்றுவிடும் அல்லது திரையில் பிழைச் செய்தி வரும். பிழை வந்தால் முதலில் லென்ஸின் தங்க நிற முனைகளை உலர்ந்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்துப் பார்க்கலாம். பாதி நேரம் அழுக்குதான் காரணம்.

ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எடுத்த படங்களின் கணக்கு) நிக்கான் ஒவ்வொரு படத்தின் எக்ஸிஃபிலும், அதாவது கோப்புக்குள் பதியும் விவரங்களிலும், எழுதி வைக்கிறது. கேமராவிலிருந்து வந்த கோப்பை அப்படியே வாங்கி எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் திறந்தால் தெரியும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். மெயிலிலோ டாக்குமென்ட்டாகவோ அனுப்பச் சொல்லுங்கள். கோப்பின் பெயரில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், அது 9999-க்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பிறகு எம் மோடில் 1/15-இலிருந்து 1/4000 வரை, வெளிச்சத்துக்கு ஏற்ப அப்பர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் மாற்றிக்கொண்டே வெள்ளைச் சுவரை எடுங்கள். எல்லாப் படமும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். கடைசியாக எஃப்/22-இல் ஃபோகஸைக் கலைத்து ஒரு படம். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் அது சென்சார் மேல் தூசு.

தூசை எடுக்க மிரர் லாக்-அப் (சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் வசதி) வேண்டும். மெனுவில் அது கண்ணில் படாது, காரணம் செட்டப் மெனு 'சிம்பிள்' என்ற நிலையில் சுருங்கியிருக்கும். அதை 'ஃபுல்' என்று மாற்றினால் தெரியும். பேட்டரி முழுதாக ஏறியிருந்தால்தான் அனுமதிக்கும். கேமராவை வாய் கீழே பார்க்கப் பிடித்து, ரப்பர் புளோயரால் நாலைந்து முறை ஊதிவிட்டு அணையுங்கள். டப்பாவில் அடைத்த காற்று வேண்டவே வேண்டாம். அதிலிருந்து தெறிக்கும் திரவம் கறையாக ஒட்டிக்கொள்ளும்.

படத்தின் தரம் பற்றி. 3008க்கு 2000 பிக்சல் என்பது அங்குலத்துக்கு 300 புள்ளியில் 25க்கு 17 செ.மீ. பிரிண்ட். ஆல்பத்துக்குத் தாராளம். ஆனால் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது ஒன்றரை மெகாபிக்சல்தான், எனவே எடுக்கும்போதே நெருங்கிப் போய் எடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ 800 வரை அழகு, 1600 அவசரத்துக்கு, அதற்கு மேலே உள்ள எச்ஐ1 தேவையில்லை. சிசிடி என்றாலே நிறம் தனி என்று இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. நிறத்தில் பெரும்பங்கு கேமராவின் ஜேபெக் கணக்கீட்டுக்கும் வொயிட் பேலன்ஸுக்கும்தான். டி40-இன் ஜேபெக் நிறம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, தோல் நிறம் குறிப்பாக. சிசிடி என்ற பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ராவும் (சென்சார் பதிவை அப்படியே வைக்கும் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்து எடுத்தால் ஜேபெக் 'பேசிக்' தரத்தில்தான் வரும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இதன் மேட்ரிக்ஸ் மீட்டர் (காட்சி முழுவதையும் பார்த்து வெளிச்சத்தை அளப்பது) கடும் வெயிலில் கொஞ்சம் தாராளமாக வெளிச்சம் விடும். வெளுத்துப்போன மேகமும் வெள்ளைச் சட்டையும் பிறகு மீளாது. ஷட்டர் பட்டனுக்குப் பக்கத்திலுள்ள ± பட்டனை அழுத்தி -0.7 வைத்துவிட்டால் சரியாகிவிடும். முன்பக்க எஃப்என் பட்டன் பெட்டியிலிருந்து வரும்போது செல்ஃப்-டைமருக்கு இருக்கும், அதை ஐஎஸ்ஓவுக்கு மாற்றுங்கள், நேரம் மிச்சம்.

பேட்டரி இஎன்-இஎல்9. புதிதாக இருந்த காலத்தில் ஒரு சார்ஜுக்கு 470 படம் என்பது கணக்கு. இத்தனை ஆண்டு ஆனதில் பலவும் உப்பியிருக்கும், வெளியே எடுக்கும்போது சிக்கினால் அதை மறுபடி போடாதீர்கள். டி3000, டி5000-க்கு வந்த இஎன்-இஎல்9ஏ இதிலும் பொருந்தும். கேமராவைப் போட்டதும் தேதி தப்பாகக் காட்டினால் பயம் வேண்டாம். கடிகாரத்துக்கென்று உள்ளே இருக்கும் சின்ன மின்கலம் காலியாகியிருக்கும், முழுதாக ஏறிய பேட்டரியை மூன்று நாள் உள்ளேயே விட்டால் அது தானே ஏறிக்கொள்ளும். அதன் பிறகும் தேதி நிற்கவில்லை என்றால் படம் எடுப்பதற்குக் குறையில்லை, பேட்டரி மாற்றும்போதெல்லாம் தேதியை மறுபடி வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.