நிக்கோட்டின் கம்மும் பதினோரு மணி டீயும்: நாலரை வருஷ அனுபவம்

வாங்கி ஒரு வாரத்தில் எழுதுகிற விமர்சனம் யாருக்கும் உதவாது என்பது என் கட்சி. அதிலும் சிகரெட்டை விடுவதற்கான பொருள் என்றால் கேட்கவே வேண்டாம். சிகரெட்டில் ஆளை அடிமையாக்குகிற நிக்கோட்டினைப் புகையில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற சூயிங்கம்தான் நிக்கோட்டின் கம். நான் முதல் அட்டை வாங்கியது 2021 மார்ச்சில். இப்போதுதான் எழுதுகிறேன்.

முதலில் என் கணக்கு. பதினேழு வருஷம், நாளைக்கு ஒரு பாக்கெட் கிங்ஸ் சிகரெட், காலண்டர் சீசனில் ஒன்றரை. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். பேப்பர் கட்டும் மை கழுவுகிற கெமிக்கலும் கிடக்கிற இடத்தில் தீக்குச்சி கிழிக்க முடியாது. தம் வேண்டுமென்றால் மெஷினை நிறுத்திவிட்டு, கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து அண்ணாச்சி கடைக்குப் போகணும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது போவேன்.

கம் பற்றி. முதல் பத்து நாள் அது வேலையே செய்யவில்லை. தப்பு கம் மேல் இல்லை. மருந்துக்கடையில், "சாதா சூயிங்கம் மாதிரிதான் சார், மெல்லுங்க" என்றார்கள். மென்றேன். தொண்டை எரிச்சல், விக்கல், குமட்டல். ஒரு நாள் விக்கல் நிற்காமல் கூட வேலை பார்க்கிறவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். அப்புறம்தான் அட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். எச்சிலோடு விழுங்கினால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் முக்கால்வாசி வீண். அது உடம்பில் ஏற வேண்டியது வாயின் உள்தோல் வழியாக. மெதுவாக நாலைந்து கடி கடித்து, மிளகைக் கடித்த மாதிரி ஒரு காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி ரெண்டு கடி, அடுத்த கன்னத்தில் ஒதுக்கல். இப்படி ஒரு கம் அரை மணி நேரம் ஓடும். புகையிலை போட்டு அதக்குகிற நம்ம பாட்டிகளுக்கு இதைச் சொல்லியே தர வேண்டாம்.

அடுத்த சிக்கல் டீ. டீ, காபி, கூல்டிரிங்ஸ் எல்லாமே வாயில் புளிப்புத்தன்மையைக் கூட்டும். புளித்த வாயில் நிக்கோட்டின் சரியாக ஏறாது. கம் போடுவதற்குப் பதினைந்து நிமிஷம் முன்பிருந்து, வாயில் இருக்கிற வரைக்கும், தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. எனக்கோ டீக்கும் தம்முக்கும் தாலி கட்டி வைத்திருந்தது. இன்னொன்று, சிகரெட் புகை உள்ளே போனால் பத்து இருபது விநாடியில் மூளைக்குச் சேதி போய்விடும். கம்முக்கு இருபது முப்பது நிமிஷம் ஆகும். ஆசை பொங்கி வந்தபிறகு கம்மைத் தேடினால், அது வேலையைத் தொடங்குவதற்குள் ஆசையே அடங்கியிருக்கும், இல்லையென்றால் நீங்கள் கடையில் நின்றிருப்பீர்கள். அதனால் நேரம் போட்டுக்கொண்டேன். பத்தே காலுக்கு ஒரு கம், பத்தே முக்காலுக்குத் துப்பல், பதினோரு மணிக்கு டீ. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் கம் மேல் எனக்கு மரியாதை வந்தது.

எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிக்கிற ஆளுக்கு 2 மில்லிகிராம் கம் போதாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு கேட்டார்கள். போனேன். டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை டீ, காபி?" ஏழு என்றேன். "பாதியாக் குறைங்க." புகையில் இருக்கிற சில பொருட்கள், காபி டீயின் கஃபீனை உடைக்கிற ஈரல் நொதியை வேகமாக ஓட வைக்குமாம். புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே டீ உடம்பில் ரெட்டிப்பு நேரம் தங்கும். ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு, இதெல்லாம் சிகரெட்டை விட்ட கோளாறு என்று நினைத்திருந்தேன். அதில் பாதி, டீ பார்த்த வேலை.

சிகரெட்டை விட்ட தவிப்பு முதல் மூன்று நாள்தான் உச்சம், மூன்று நாலு வாரத்தில் உடம்பு அடங்கிவிடும் என்றார்கள். அப்படியேதான் நடந்தது. கம்மைப் பன்னிரண்டு வாரத்தில் நிறுத்தச் சொன்னதை நான் ஐந்து மாதம் இழுத்தேன், கடைசியில் நாளைக்கு ஒன்று, பாதி ஒன்று என்று குறைத்து விட்டேன். முதல் மாதம் கம் செலவு சிகரெட் செலவை ஏறக்குறையத் தொட்டது. காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பொறுமையாக இருக்கணும். ஆறு கிலோ கூடியது. அதற்குப் பாதிக் காரணம் கோவில்பட்டி கடலைமிட்டாய்.

பத்துக்கு எட்டு மார்க் போட்டுவிடலாம், இதோடு கதை முடிந்திருந்தால்.

2022 ஆடிப்பெருக்கு. எங்கள் ஊரில் அன்றைக்குத்தான் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்கள், அதாவது ஆர்டர் பிடிக்கிற மாதிரிப் புத்தகங்கள், வெளியாகும். அதிலிருந்து டிசம்பர் வரை ராத்திரி பகல் கிடையாது. ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு முருகன் படம் ஓடிக்கொண்டிருந்தது. நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார மாட்டேன் என்கிறது. வேலுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கோடு தனியாக நிற்கிறது. மெஷினை நிறுத்தினேன். கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. கடைசி சிகரெட் பிடித்து ஒன்றரை வருஷம்! நாக்கில் எச்சில் ஊறியது.

மேஜை டிராயரில் கிடந்த பழைய அட்டையிலிருந்து ஒரு கம் எடுத்துப் போட்டேன். காரம் வந்தது, ஒதுக்கினேன், தலை லேசாகக் கிறுகிறுத்தது. ஆசை அப்படியே இருந்தது. உடம்பில் நிக்கோட்டின் பாக்கி எதுவும் இல்லையே, இது யார் கேட்பது என்று எரிச்சலாக வந்தது. கம்மைத் துப்பிவிட்டு வெளியே போனேன். கேட், ரோடு, கடை. டீ வாங்கி நின்றேன். பாதி கிளாஸ் குடிப்பதற்குள் ஆசை போய்விட்டது. எனக்கு வேண்டியிருந்தது அந்த ரோட்டைக் கடப்பதுதான். சிகரெட்டை விட்ட அன்றிலிருந்து, ஆசை வந்துவிடுமோ என்று நான் கேட்டைத் தாண்டுவதையே நிறுத்தியிருந்தேன். டீயைப் பையன் தூக்கில் வாங்கி வருவான், மெஷின் பக்கத்திலேயே குடிப்பேன்.

அதற்கப்புறம் தினமும் போகிறேன். கடையில் ஒரு கஷ்டம் உண்டு. பீடி, சிகரெட் பற்ற வைக்கத் தூணில் கட்டித் தொங்குகிற கயிறு, நுனியில் கனன்றுகொண்டே இருக்கும். அதன் வாசனை சிகரெட்டை விட மோசமாக இழுக்கும். ஒதுங்கி நின்றதைப் பார்த்து அண்ணாச்சி, "என்ன தம்பி, அந்தப் பக்கம் போய் நிக்கீக?" என்றார். "கயிறு கூப்பிடுது அண்ணாச்சி." அவர் சிரிக்கவில்லை. "பீடிக்கு அம்பது பேரு வாரான். கயித்த அவுக்க முடியாதே" என்றார், நியாயமாக.

அந்த நவம்பரில் ஒரு துஷ்டி வீடு. பந்தலுக்குப் பின்னால் மச்சான், "ஒண்ணுதான மாப்ள, மனசு சரியில்லாதப்ப" என்று நீட்டினார். ரெண்டு இழுப்பு. தலை சுற்றியது, வாய் சாம்பலாக நாறியது, இவ்வளவுதானா என்று கீழே போட்டு மிதித்தேன். ஆனால் அடுத்த மூன்று நாள், சரியாகப் பதினோரு மணிக்கு, 2021 மார்ச் மாதிரியே பசி. ரெண்டு இழுப்புக்கு மூன்று நாள் வட்டி. அப்போது சிகரெட் பாக்கெட்டில் அச்சடித்திருக்கிற 1800-11-2356 இலவச எண்ணுக்கு ஒரு தடவை போன் போட்டேன். தமிழில் பேசினார்கள். திட்டவில்லை, அதுவே பெரிய விஷயம்.

வேறு என்னவெல்லாம் பார்த்தேன் என்றால்: கிராம்பு நல்லது, பல்லிடுக்கில் ஒன்று போதும். பாக்கு வேண்டவே வேண்டாம். சிகரெட்டுக்குப் பதிலாக நல்லது என்று ஒருவர் கொடுத்தார். பாக்கே புற்றுநோய் வரவைக்கிற பொருள், புகையிலை சேராவிட்டாலும். இ-சிகரெட்டை 2019-லேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள், அந்தப் பக்கம் நான் போகவில்லை. கனவு மட்டும் யார் கையிலும் இல்லை. வருஷத்துக்கு ரெண்டு மூன்று தடவை கனவில் பற்ற வைத்துவிடுகிறேன். விடிந்ததும் கை விரலை மோந்து பார்த்தால், "இன்னைக்குமா?" என்பாள் வீட்டுக்காரி.

இப்போது ஆசை மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம், மூன்று நாலு நிமிஷம் நிற்கும். இந்த ஆடியிலும் ஆல்பம் வெளியாகி நைட் ஷிஃப்ட் தொடங்கிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ரெண்டு மணிக்கு, "அண்ணே, வெளிய போய்ட்டு வாரேன்" என்று தலையைச் சொறிகிறான். "இரு, நானும் வாரேன்" என்று கூடவே ரோட்டைக் கடந்து, ரெண்டு டீ சொல்கிறேன். அவன் கயிற்றுப் பக்கம் குனிவதற்குள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இடம் மாறி நின்றுகொள்கிறேன்.