ஃபில்ம்ஃப்ரீவே: குறும்படத் திரைக்கதையை அனுப்ப நல்ல வழி, போட்டியைத் தேர்ந்தெடுக்க அல்ல

குறும்படத் திரைக்கதையை வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் ஃபில்ம்ஃப்ரீவே. படங்களையும் திரைக்கதைகளையும் விழாக்களுக்கும் போட்டிகளுக்கும் இணையவழி அனுப்புவதற்காக, 2014-இல் கனடாவிலிருந்து தொடங்கிய தளம் இது. அதற்கு முன் இந்த வேலையைச் செய்துவந்த வித்அவுட்டபாக்ஸ், 2008-இல் அமேசான் குழுமத்தின் கைக்குப் போய் 2019-இல் மூடப்பட்டது. அதன் பிறகு திரைவிழாக்களும் திரைக்கதைப் போட்டிகளும் பெருமளவில் இங்கே குவிந்துவிட்டன. குறும்படத் திரைக்கதை எழுதுபவருக்கு இந்தத் தளம் எதைச் சரியாகச் செய்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அனுப்புவதற்கு இது அருமையான தளம். கணக்கு தொடங்கக் காசு கிடையாது. திரைக்கதையின் விவரங்களை ஒருமுறை நிரப்பிவிட்டால் அதையே எத்தனை போட்டிக்கும் அனுப்பலாம். போட்டி கேட்கும் நுழைவுக் கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும். தளம் தன் பங்கைப் போட்டி நடத்துபவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் எந்தப் போட்டி நல்லது என்று சொல்லும் வேலையை இது செய்வதில்லை. தளத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒரு போட்டியை நம்பிப் பணம் கட்டுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதலில் ப்ராஜெக்ட் பக்கம், அதாவது திரைக்கதையின் விவரங்களை நிரப்பும் இடம். வகை கேட்கும் இடத்தில் 'ஸ்கிரிப்ட்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு தலைப்பு, சுருக்கம், எழுத்தாளர் பெயர், கதை வகை, பக்க எண்ணிக்கை, நாடு, மொழி என்று வரிசையாகக் கேட்கும். முதல் திரைக்கதையா, மாணவர் படைப்பா என்ற இரண்டு கேள்விகளை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். புது எழுத்தாளருக்கும் மாணவருக்கும் தனிப் பிரிவோ குறைந்த கட்டணமோ வைத்திருக்கும் போட்டிகள் உண்டு. தமிழ்த் தலைப்பையும் தமிழ்ச் சுருக்கத்தையும் சேர்க்கத் தனி இடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பினாலும் மூலத் தலைப்பை அங்கே தமிழிலேயே போட்டுவிடுங்கள். கதை எந்த மண்ணிலிருந்து வருகிறது என்பது உடனே தெரியும். பக்கத்தை யார் பார்க்கலாம் என்ற அமைப்பையும் திறந்து பாருங்கள். நீங்கள் அனுப்பிய போட்டிகள் மட்டும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

சுருக்கம் எழுதும் பெட்டியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர் சினிமாக் கதை டிஸ்கஷனில் ஒன்லைன் என்று சொல்வோமே, அதுதான் அங்கே வேண்டும். முப்பது சொல்லுக்குள் யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது வந்துவிட வேண்டும். "ஒரு மூதாட்டியின் போராட்டத்தையும் அமைப்பின் கருணையின்மையையும் பேசும் கதை" என்று எழுதினால் கண்முன் ஒன்றும் வராது. "ரேஷன் கடை இயந்திரத்தில் விரல்ரேகை பதியாத மூதாட்டி, மாதக் கடைசி நாள் கடை மூடுவதற்குள், தான் தான்தான் என்று நிரூபிக்க வேண்டும்" என்றால் படம் ஓடத் தொடங்கிவிடுகிறது. முடிவையும் சேர்த்துச் சொல்லும் சுருக்கம் கேட்கும் போட்டிகள் தனி. அவை விதிமுறையில் அப்படிச் சொல்லியிருக்கும்.

அடுத்தது பிடிஎஃப். இங்கேதான் மிக அதிகமான தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று இரண்டு பத்தியாக எழுதும் நம் சீன் பேப்பர் வழக்கம் படப்பிடிப்புத் தளத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இந்தப் போட்டிகளில் அது செல்லாது. எதிர்பார்க்கப்படுவது அமெரிக்க வடிவம்: கூரியர் எழுத்துரு, 12 புள்ளி, இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற ஓரங்கள் சுமார் ஓர் அங்குலம். வசனம் தாளின் இடது விளிம்பிலிருந்து இரண்டரை அங்குலத்தில் தொடங்கும். பேசுபவர் பெயர் சுமார் 3.7 அங்குலத்தில். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 55 வரி. கூரியரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால்தான் 'திரைக்கதையில் ஒரு பக்கம், திரையில் ஒரு நிமிடம்' என்ற கணக்கு ஓரளவு நிற்கிறது. காட்சி எண்களும் பக்கத்துக்குப் பக்கம் கேமரா கோணங்களும் ஷூட்டிங் ஸ்கிரிப்டுக்கு உரியவை. போட்டிக்கு அனுப்பும் பிரதியில் அவற்றை எடுத்துவிட வேண்டும்.

தாள் அளவில் ஒளிந்திருக்கும் சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. நம் கணினியில் இயல்பாக இருப்பது ஏ4. அமெரிக்கப் போட்டிகள் எதிர்பார்ப்பது லெட்டர் அளவு, அதாவது 11 அங்குல உயரம். ஏ4 அதைவிட 0.69 அங்குலம் உயரம். அங்குலத்துக்கு ஆறு வரி என்று பார்த்தால் பக்கத்துக்கு நான்கு வரி கூடுகிறது. பத்துப் பக்கத்தில் நாற்பது வரி, ஏறக்குறைய முக்கால் பக்கம். ஏ4-இல் சரியாகப் பத்துப் பக்கத்தில் முடிந்த திரைக்கதை, லெட்டர் அளவுக்கு மாற்றியதும் பதினொன்றாவது பக்கத்துக்கு வழிந்துவிடும். பத்துப் பக்க வரம்பு வைத்திருக்கும் போட்டியில் அந்த வழிசலே தகுதிநீக்கத்துக்குப் போதும். ஆகவே முதல் வரி எழுதும் முன்பே மென்பொருளில் தாள் அளவை மாற்றிவிடுங்கள். வரம்புக்குள் அடக்குவதற்காக ஓரங்களைக் குறைப்பது, எழுத்தை 11.5 புள்ளி ஆக்குவது போன்ற வேலைகள் வேண்டாம். நாளெல்லாம் திரைக்கதை படிப்பவரின் கண்ணுக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இதற்காக விலை கொடுத்து ஃபைனல் டிராஃப்ட் என்ற திரைக்கதை மென்பொருளை வாங்க வேண்டியதில்லை. ட்ரெல்பி இலவசம், மேக் வைத்திருப்பவர்களுக்கு பீட் இலவசம். கூரியர் பிரைம் எழுத்துருவும் இலவசமாகவே கிடைக்கிறது. எதில் எழுதினாலும் கடைசியில் பிடிஎஃப்பாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். அச்சிட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம். கோப்பு கனமாகிவிடும், எழுத்தும் மங்கும்.

தமிழிலேயே அனுப்ப இடம் தரும் போட்டி என்றால் வேறு சில சங்கடங்கள். கூரியரில் தமிழ் எழுத்துகள் கிடையாது. மென்பொருள் தானாக வேறொரு தமிழ் எழுத்துருவை இழுத்துக்கொள்ளும். அதில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும். அதனால் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு பொய்த்துவிடும். வாய்விட்டுப் படித்து கடிகாரத்தில் நேரம் பார்ப்பதுதான் வழி. சில மென்பொருள்கள் பிடிஎஃப் ஆக்கும்போது ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் எழுத்துக்கு முன்னால் வைக்காமல் பின்னால் தள்ளிவிடும். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதியவில்லை என்றால் பார்ப்பவர் கணினியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். ஏற்றும் முன் அந்தப் பிடிஎஃப்பைத் தமிழ் எழுத்துரு எதுவும் நிறுவாத இன்னொரு கணினியிலும் ஒரு கைபேசியிலும் திறந்து, 'கொடுத்தேன்', 'போகிறோம்' போன்ற சொற்கள் ஒழுங்காக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

ஆங்கிலப் பிரதி அனுப்பும்போது, வசனம் தமிழில் பேசப்படுகிறது என்று தொடக்கத்திலேயே ஒருமுறை குறிப்பிட்டால் போதும். ஒவ்வொரு வசனத்தின் கீழும் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா, மாமா, தாத்தா போன்ற விளிகளை மொழிபெயர்க்காமல் அப்படியே ஆங்கில எழுத்தில் விடுவது நல்லது. உறவின் எடை அதில்தான் இருக்கிறது.

பெயர் மறைத்துப் படிக்கும் போட்டிகள் நிறைய. முகப்புப் பக்கத்தில் தலைப்பு மட்டும் இருக்க வேண்டும் என்பது அவற்றின் விதி. முகப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, கோப்பின் பெயரில் தன் பெயரை விட்டுவைப்பவர்கள் உண்டு. அதைவிட அதிகம் நடப்பது, பிடிஎஃப்பின் பண்புகளில் 'ஆதர்' என்ற இடத்தில் கணினிச் சொந்தக்காரரின் பெயர் தானாகப் பதிந்திருப்பது. கோப்பைத் திறந்து பண்புகளைப் பார்த்து அழித்துவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் பெயர் ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி போட்டியைத் தேடுவது. வடிகட்டிகள் நன்றாக இருக்கின்றன. குறும்படத் திரைக்கதைப் பிரிவு உள்ளவை, கட்டண வரம்பு, கடைசி நாள், நாடு என்று சுருக்கலாம். கட்டணமே இல்லாதவற்றை மட்டும் தனியாகப் பிரிக்கலாம். 'குறும்' என்பதற்கு ஒரே அளவு கிடையாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆஸ்கர் விதிப்படி குறும்படம் என்றால் 40 நிமிடம் வரை. ஆனால் திரைக்கதைப் போட்டிகளில் 5 பக்கமும் உண்டு, 15-உம் உண்டு, 30-உம் உண்டு. எங்கள் மதிப்பீட்டில், புதியவர் அனுப்ப வேண்டியது எட்டிலிருந்து பன்னிரண்டு பக்கம். அந்த அளவில் ஒரே ஓர் இடம், இரண்டு மூன்று பேர், ஒரு திருப்பம் போதும். முப்பது பக்கம் எழுதினால் பெரும்பாலும் முழுநீளப் படத்தின் முதல் பாதி போலத்தான் நிற்கிறது.

நட்சத்திர மதிப்பீடுகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். தேர்வானவர்தான் மகிழ்ச்சியோடு வந்து ஐந்து நட்சத்திரம் போடுவார். தேர்வாகாதவர் பெரும்பாலும் பேசாமல் போய்விடுவார். பார்க்க வேண்டியது வேறு. நடுவர்கள் பெயரோடு இருக்கிறார்களா? சென்ற ஆண்டு வென்றவர்களின் பட்டியல் இருக்கிறதா, அதில் ஏதாவது ஒரு திரைக்கதையாவது படமாகியிருக்கிறதா? விழா ஒரு அரங்கில் நடக்கிறதா? மாதாமாதம் 'விருது' அறிவித்து, ஐம்பது அறுபது பிரிவுகள் வைத்து, வென்ற பிறகு கோப்பைக்கும் சான்றிதழுக்கும் தனியாகப் பணம் கேட்கும் போட்டிகள் ஏராளம். அவற்றின் 'லாரல்' எனப்படும் இலைவளையச் சின்னத்தைப் போஸ்டரில் ஒட்டிக்கொள்ளலாம். அதைப் பார்த்து எந்தத் தயாரிப்பாளரும் அழைக்கப்போவதில்லை. அந்தப் பணத்துக்கு நாலு நடிகர்களை உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, திரைக்கதையை உரக்கப் படிக்கச் சொன்னால் எழுத்து உண்மையிலேயே மேம்படும்.

'ரூல்ஸ் அண்ட் டெர்ம்ஸ்' பகுதியைக் கடைசி வரி வரை படியுங்கள். வென்ற திரைக்கதையைப் படமாக்கும் உரிமை யாருக்கு, எத்தனை காலத்துக்கு என்பது அங்கேதான் இருக்கும். சில போட்டிகளில் அனுப்பியதுமே உரிமை தந்ததாகப் பொருள்படும் வரி இருக்கும். அந்த வரியைக் கண்டால் விலகிவிடுவதே நல்லது. அனுப்பும் முன் திரைக்கதையைப் பதிவும் செய்துவிடுங்கள். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் இருக்கிறது. மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாகப் படிவம் 14 வழியாகப் பதியக் கட்டணம் 500 ரூபாய். அங்கே எவரும் ஆட்சேபிக்க 30 நாள் காத்திருப்பு உண்டு என்பதால் கடைசி வாரத்தில் ஓடுவதில் பயனில்லை.

கட்டணம் நாள் ஏற ஏற ஏறும்: முன்கூட்டி அனுப்பினால் ஒரு விலை, வழக்கமான கெடுவுக்கு ஒரு விலை, தாமதத்துக்கு இன்னொன்று, நீட்டித்த கெடுவுக்கு அதற்கும் மேல். திரைக்கதை ஒன்றுதான், படிப்பவரும் அவரேதான், தாமதத்தால் கூடுவது செலவு மட்டுமே. தளத்தின் தங்க உறுப்பினர் சந்தா சில போட்டிகளில் தள்ளுபடி தரும். ஆண்டுக்கு இரண்டு மூன்று போட்டிக்கு மட்டும் அனுப்புபவருக்கு அது கட்டுப்படியாகாது. கட்டண விலக்குக் கேட்டுப் போட்டி நடத்துபவர்களுக்கே நான்கு வரியில் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதலாம். மாணவர் என்றால் அதற்கான சான்றைச் சேர்த்து அனுப்புங்கள். கிடைத்தால் ஒரு குறியீடு தருவார்கள். பணம் செலுத்தும் பக்கத்தில் அதைப் போட வேண்டும்.

இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாக மூடியே இருக்கும். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி அது. வங்கிச் செயலியில் திறந்துவிட்ட பிறகுதான் பணம் போகும். 25 டாலர் கட்டணத்துக்கு வங்கி மூன்றரை சதவீதம் நாணய மாற்றுக் கட்டணம் வசூலித்து, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போட்டால், ஒரு டாலருக்கு மேல் கூடுதலாகப் போகும். ஐந்து போட்டிக்கு அனுப்புபவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டிய கட்டணம் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளை எந்த ஊர் நேரப்படி கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நம்மைவிட கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் பின்தங்கியது. அந்தக் கூடுதல் நேரத்தை நம்பிக் காத்திருந்தால், ஓடிபி வராத ஒரே காரணத்துக்காக அடுத்த விலைப் படிக்குப் போய்விடுவீர்கள்.

அனுப்பிய பிறகு ப்ராஜெக்ட் பக்கத்தில் கோப்பை மாற்ற முடியும். ஆனால் பல போட்டிகள் அதை விதியிலேயே தடுத்திருக்கின்றன. சில, திருத்திய பிரதிக்குத் தனிக் கட்டணம் கேட்கும். எழுத்துப்பிழை ஒன்றைக் கண்டதும் அவசரமாகப் புதுக் கோப்பை ஏற்றாதீர்கள். நடுவர் ஏற்கெனவே பழைய பிரதியை இறக்கி வைத்திருக்கலாம்.

முடிவு அறிவிக்கும் தேதி வரை நிலை மாறாமல் அப்படியே நிற்கும். தினமும் திறந்து பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. கூடுதல் கட்டணத்துக்குக் கருத்துரை தரும் பிரிவை எடுக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. யார் எழுதுவார்கள், எத்தனை பக்கம், எத்தனை நாளில் வரும் என்ற மூன்றும் போட்டிப் பக்கத்தில் தெளிவாக இருந்தால் எடுக்கலாம். 'நிபுணர் கருத்து' என்று மட்டும் போட்டிருந்தால் வேண்டாம். வரும் கருத்துரையில் பக்க எண் குறிப்பிட்டு, இந்த இடத்தில் கவனம் சிதறியது, இந்த வசனம் முன்பே தெரிந்ததைச் சொல்கிறது என்று இருந்தால் கொடுத்த பணம் வீணாகவில்லை. அடுத்த போட்டிக்கு அனுப்பும் முன் அந்தப் பக்கங்களிலிருந்தே திருத்தத்தைத் தொடங்குங்கள்.